பொன்னுமணி தன்னைப் பாடிய பாட்டு

பால்பாண்டியைப் பற்றிப் பொன்னுமணி கட்டிய முதல் பாட்டு, அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே மலை முழுக்கப் பரவிவிட்டது. அவள் ராசிங்காபுரத்துக்காரி. அவன் சிலமலை. இரண்டு பேரும் போடியில் ஜீப்பு ஏறி, பூப்பாறைக்குப் பக்கத்தில் ஒரே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள். பெண்கள் செடியின் தூரில் குத்தவைத்து, மண்ணோடு படர்ந்து கிடக்கிற சரத்தில் விளைந்த காயாகப் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். ஆண்கள் பச்சைக்காய் மூடையைச் சுமந்துகொண்டு மேட்டில் இருக்கிற ஸ்டோருக்குப் போவார்கள். காய் உலர்த்துகிற கட்டடத்துக்குத்தான் அங்கே ஸ்டோர் என்று பெயர். மழையில் வழுக்குகிற அந்த ஏற்றத்தில் மற்றவர்கள் முக்கி முனகிப் போக, பால்பாண்டி மட்டும் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவனைப் போல நிமிர்ந்து போவான். அதைப் பார்த்துவிட்டுத்தான் பொன்னுமணி பாடினாள்.

ஏலக்கா மூடை தூக்கி
ஏத்தம் ஏறிப் போறவரே
ஏறுறது மூடையில்ல
எம்மனசும் சேந்துதான்

பக்கத்து வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களே மறுநாள் அதைப் பாடினார்கள். ஜீப்பில் பாடினார்கள். பக்கத்துத் தோட்டத்தில் பாடினார்கள். கொஞ்ச நாளில் பால்பாண்டி டீக்கடைக்குப் போனால், "வாங்க, ஏத்தம் ஏறிப் போறவரே" என்று பால் விடாத கட்டஞ்சாயாவை நீட்டுகிற அளவுக்கு ஆகிவிட்டது. அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனாலும் அடுத்த நாள் மூடை தூக்கும்போது இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துதான் போனான்.

கல்யாணமாகிப் போடியில் குடியேறிய பிறகும் அவள் பாட்டு நிற்கவில்லை. அவன் சவரம் பண்ணிக்கொண்டு வந்தால் ஒரு பாட்டு. கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனால் ஒரு பாட்டு. மகன் இனியவன் பிறந்தபோது, அவன் மூக்கு அப்பன் மூக்கு என்று ஒரு பாட்டு. அவளுக்கு எழுதப் படிக்கச் சுமாராகத்தான் வரும். எதையும் எழுதி வைத்தது கிடையாது. கட்டினதும் புருசனிடம் பாடிக் காட்டுவாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

"அந்த ரெண்டாவது வரி இடிக்குது பொன்னு. சும்மா இழுத்துச் சேத்த மாதிரி இருக்கு" என்பான்.

அவள் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அவளுக்கு வரும் பாட்டில் எது மனசில் இருந்து வந்தது, எது சும்மா வாயில் இருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். வேறு யாருக்கும் அந்தக் காது இல்லை.

வயதாக ஆக, சுமை தூக்குகிற வேலையை விட்டுவிட்டு ஸ்டோரிலேயே அடுப்பு பார்க்கிற வேலைக்கு மாறினான் பால்பாண்டி. காய் எடுப்புக் காலம் வந்துவிட்டால் அடுப்பு அணையக்கூடாது. விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சூடு கூடினால் காய் பச்சை நிறம் மாறிப்போகும், குறைந்தால் பூசணம் பிடித்துவிடும். அதனால் மலையிலேயே தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடிக்கு வருவான். இனியவன் திருப்பூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். பொன்னுமணி தினமும் ஜீப்பில் மலையேறி, சாயங்காலம் இறங்கி, தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள்.

அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது அந்தக் காலத்தில்தான். குத்தவைத்துக் காய் எடுக்கும்போது சுருக்கென்று பிடிக்கும். உதிரம் நிற்காமல் போகும். மழையில் நனைந்த சேலையோடு, பிளாஸ்டிக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, செடிக்குள்ளே தலையை நுழைத்து அழுதிருக்கிறாள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே தழைத்து நிற்கும். உள்ளே அழுகிறவர்களை யாரும் பார்க்க முடியாது.

முனியாயி மட்டும் பார்த்துவிட்டாள். அவள் பொன்னுமணியைவிட மூத்தவள், அதே தெருக்காரி, அதே ஜீப்பில் வருகிறவள்.

"ஏண்டி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. எம்புட்டு நாளா இப்படி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா செடிக்குள்ள தலைய விட்டு அழுதுக்கிட்டுக் கெடக்க? ஓம் புருசன்கிட்டச் சொன்னியா இல்லையா?"

"அவரு வாரதே ஒரு நா. அன்னைக்கும் போயி வலி, நோவுன்னு சொல்லிக்கிட்டு..."

முனியாயி அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று சொன்னார்கள். பால்பாண்டிக்குத் தகவல் போய், அவன் பதறிக்கொண்டு வந்தபோது ஆபரேசன் முடிந்திருந்தது. ரொட்டியும் டீயும் வாங்கிக் கொடுத்தான். கட்டில் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்தான்.

"என்னா பொன்னு இது, திடீர்னு?"

"பொம்பளைகளுக்கு வர்றதுதான் மாமா. எடுத்துட்டாங்கள்ல, இனிமே ஒண்ணுமில்ல. நீங்க போங்க. அடுப்பு யாரு பாக்குறா?"

அவன் போய்விட்டான். போகச் சொன்னதும் அவள்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு முனியாயிதான் விறகு அடுப்பில் வெந்நீர் வைத்து, குளிர்ந்த தண்ணீர் கலந்து விளாவி, பொன்னுமணியை உட்காரவைத்து ஊற்றிவிட்டாள். அதற்காகக் கொஞ்ச நாள் வேலைக்கே போகவில்லை. பிறகு அவளும் வேலைக்குப் போகவேண்டி வந்தது. அன்று மத்தியானம் பொன்னுமணி தானே வெந்நீர் வைத்தாள். மறைப்புக்குள் போய்ச் சேலையை அவிழ்த்துவிட்டு, முதல்முறையாகக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். கோணலாக ஒரு தையல். சுருங்கிப்போன தோல். பிள்ளை பெற்ற வரி. ஐம்பது வயதை நெருங்குகிற அந்த உடம்பை அவள் அதுவரை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. குளித்திருக்கிறாள், துடைத்திருக்கிறாள், சேலை சுற்றியிருக்கிறாள். பார்த்ததில்லை. புருசன் தோளைப் பற்றி, கழுத்தைப் பற்றி, நடையைப் பற்றி எத்தனை வரி பாடியிருக்கிறாள்! இதைப் பற்றி ஒரு வார்த்தை பாடியதில்லை.

விரலை வைத்துத் தையலைத் தொட்டாள். தொட்டதும் அழுகை வந்தது. அழுகையோடு பாட்டும் வந்தது.

அடிவயித்தில் கோடு போட்டு
ஆசுபத்திரி தச்ச மேனி
ஆரும் தொட்டுப் பாக்கலையே
நானே தொட்டேன் பொன்னுமணி

மழைக்கு மழை வலிச்சதம்மா
மறைச்சு மறைச்சு வச்சதம்மா
சொல்லாத வாயே ஒனக்குச்
சோறு ஊட்ட நான் வந்தேன்

வெந்நீர் ஆறிப்போகும்வரை அங்கேயே உட்கார்ந்து பாடினாள். வெளியே வந்தபோது நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு பசித்தது. கருவாடு சுட்டு, பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

உடம்பு தேறி, மறுபடியும் ஜீப்பு ஏறினாள். போடிமெட்டு ஏற்றத்தில் பனி இறங்கி, எதிரே வருகிற லாரி விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. ஜீப்புக்குள் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் என்று நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தே, எம்புட்டு நாளாச்சு ஒங்க பாட்டக் கேட்டு. மாமாவப் பத்தி ஒண்ணு எடுத்து விடுங்க" என்றாள் அனுசியா. சின்னப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் இருந்தே பொன்னுமணிமேல் அவளுக்குப் பிரியம்.

"மாமாவப் பத்தி இல்லடி. வேற ஒண்ணு வச்சிருக்கேன்" என்று பொன்னுமணி அந்தப் பாட்டைப் பாடினாள்.

பாடி முடிக்கும்போது முனியாயி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கும் அதே இடத்தில் தையல் உண்டு. ஜீப்பு நின்ற பிறகும் இறங்காமல் இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். அந்த இரண்டாவது தடவையைத்தான் அனுசியா போனில் பிடித்தாள். கேட்டுத்தான் பிடித்தாள். பொன்னுமணியும் சரி என்றுதான் சொன்னாள்.

அது போனுக்குப் போனாகப் பரவியது. தேவாரத்தில் கேட்டார்கள். ராசிங்காபுரத்தில் அவளுடைய அண்ணன் வீட்டில் கேட்டார்கள். மருதாயி என்று ஒருத்தி, முன்பின் தெரியாதவள், போடி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, நீதான அது? எஞ்சங்கடத்த எனக்கே தெரியாமப் பாடிட்டியே" என்று அழுதாள். போடியில் பெண்கள் கூட்டம் ஒன்றில் வந்து பாட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஆண்களும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். அவர்களில் சிலர் வேறு மாதிரியாகச் சிரித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பால்பாண்டி வந்தான். காலைக் கழுவினான். தட்டின் முன்னால் உட்கார்ந்தான். சோற்றைத் தொடவில்லை.

"ஏன் மாமா? உப்புப் பத்தலையா?"

"நீ பாடுனியா அத?"

"ஆமா."

"யாருக்குப் பாடிக் காட்டுன மொதல்ல?"

"ஜீப்புல பாடுனேன்" என்றாள்.

அவன் எழுந்து கையைக் கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டு, "வர்றேன்" என்று போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் போட்டால், "லோடு நெறைய இருக்கு" என்று வைத்துவிட்டான். தெருவில் பேச ஆரம்பித்தார்கள். தன்னையே பாடிக்கொள்கிறவளோடு எவன் குடித்தனம் பண்ணுவான் என்றார்கள். அண்ணன் வந்து, அந்தக் கூட்டத்துக்கெல்லாம் போகக்கூடாது என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனான்.

அனுசியாவுக்குக் குற்ற உணர்ச்சி. "அத்தே, நான் அழிச்சுட்டேன். ஆனா எல்லாருகிட்டயும் போயிருச்சே. நீங்க அதுல மாமாவப் பத்தியும் ரெண்டு வரி சேத்துப் பாடுங்க. நான் புதுசா எடுத்துப் போடுறேன். அவருக்கும் மனசு ஆறும்ல."

மறுநாள் காய் எடுத்து முடித்ததும் பொன்னுமணி, கங்காணியிடம் சொல்லிவிட்டு ஸ்டோருக்கு ஏறினாள். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்று நின்று போனாள். தூறல் விட்டிருந்தது. ஸ்டோர் ஓட்டுக்கு மேலே புகை படிந்து நின்றது. காய் உலர்கிற மணம் தொண்டையைக் காந்தியது.

பால்பாண்டி அடுப்பு வாயில் குந்தியிருந்தான். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

"இந்த ஏத்தம் ஏறி வரலாமா நீ? சொல்லியிருந்தா நான் எறங்கி வந்துருப்பேன்ல?"

"எங்க சொல்ல? போட்ட ஒடனே போன வச்சுர்றீங்களே."

அவன் சாக்கை உதறிப் போட்டு அவளை உட்காரவைத்தான். கட்டஞ்சாயா ஊற்றிக் கொடுத்தான். அவள் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"வயித்தப் பாடிட்டேன்னு கோவமா மாமா?"

"ஊருல அப்படித்தான் பேசிக்கிறாங்க. டீக்கடையில ஒருத்தன், ஓம் பொண்டாட்டி தையல நாங்களும் பாத்துட்டோம்டான்னு சிரிச்சான். அவஞ் சட்டையப் பிடிச்சுட்டேன். ஆனா அதுக்கில்ல பொன்னு."

"பெறகு எதுக்கு?"

அவன் ஒரு கட்டையை அடுப்புக்குள் தள்ளினான்.

"மழைக்கு மழை வலிச்சதுங்கிற. எத்தன மழையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரே பாயில படுத்துக் கெடந்தேன். எனக்குத் தெரியல. எனக்குத் தெரியலங்கிறது இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஜீப்பு டிரைவருக்குத் தெரியுது ஒனக்கு எங்க வலிச்சுச்சுன்னு. இங்க வர்ற மலையாளத்தான் ஒருத்தன், 'சேட்டா, சேச்சிக்கு இப்ப சுகமாயோ'ன்னு கேக்குறான். நல்ல மனுசன். நல்லதுக்குத்தான் கேக்குறான். எனக்குப் பதில் தெரியல. ஒனக்குச் சுகமா இல்லையான்னே எனக்குத் தெரியல."

"நான் சொல்லல. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் சொல்லல?"

"நீங்க வருவீங்க. வந்ததும், புதுசா என்ன கட்டுனன்னு கேப்பீங்க. ஒங்க மொகத்தப் பாத்தா எனக்குப் பாட்டுத்தான் வரும். வலிக்குதுன்னு சொன்னா அந்த மொகம் சுண்டிப்போகும். சுண்டுன மொகத்த வச்சு நான் என்னத்தப் பாட? ஒங்கள அழகா வச்சுக்கத்தான் மாமா நான் வாயப் பொத்திக்கிட்டேன்."

பால்பாண்டி தீயைக் கிளறிவிட்டான்.

"அந்தப் பாட்ட நான் திரும்பத் திரும்பக் கேட்டேன் பொன்னு. வெறகு போட்டுக்கிட்டே கேட்டேன். நீ கட்டுனதுலயே அதுதான் ஒசத்தி. ஒரு எடம் பொய்யில்ல. அதுல நான் எங்கயாச்சும் வருவேன்னு ஒவ்வொரு தடவையும் பாத்தேன். எங்கயுமே வரல."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கரி அப்பிய கை.

"ஒரு வரி போட்டுரு" என்றான் அவன். "வெந்நி வச்சு ஊத்துனது நாந்தான்னு போட்டுரு. ஒரே ஒரு வரி. நான் துண்டத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு இப்பவே ஒங்கூட எறங்கி வந்துர்றேன்."

முனியாயியின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் அவன் அப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. எதையுமே அவன் கேட்டதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலில் இருந்து பாடிக்கொண்டு வந்து, சோறு ஊட்டுகிற இடம் முடிந்ததும் புதிதாகக் கட்டிச் சேர்த்தாள்.

வெறகொடிச்சு வெந்நி வச்சு
வெளாவித் தந்த எஞ்சாமி
ஊத்தி ஊத்தி மேல் நனைச்சார்
ஓடிப்போச்சே என் நோவு

மெட்டுப் பிசகாமல் பாடினாள். அந்த வரி நிஜமாக இருந்திருக்கக்கூடாதா என்று அவளுக்கே ஏக்கமாக இருந்தது. அவன் கண்ணை மூடித்தான் கேட்டுக்கொண்டிருந்தான். புது வரி வந்ததும் கண்ணைத் திறந்துவிட்டான்.

"வேணாம். எடுத்துரு."

"ஏன் மாமா? நல்லாத்தான இருக்கு?"

"இத்தன வருசம் என்னையப் பாடிருக்க. என்னையப் பாத்துக்கிட்டேதான் பாடுவ. இந்த வரிய மட்டும் தரையப் பாத்துப் பாடுற." அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். "நான் கேட்டிருக்கக்கூடாது. கேக்குறப்பவாச்சும் நீ இல்லைன்னு சொல்லிருக்கக்கூடாதா?"

இரண்டு பேரும் அழுதார்கள். உலர்ந்த காயைச் சல்லடையில் தேய்க்கிற ஆட்கள் உள்ளே வந்தபோது, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜீப்பு நிற்கிற இடம்வரை அவளைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தான் பால்பாண்டி. வழுக்குகிற இடத்தில் எல்லாம் முன்னால் இறங்கி நின்றுகொண்டு, அவளைத் தன்மேல் சாய்த்து இறக்கினான்.

"அந்தக் கூட்டத்துக்குப் போ. அண்ணன் சொன்னான், ஆட்டுக்குட்டி சொல்லுச்சுன்னு நிக்காத. எனக்காக எதையும் சேக்காத. உள்ளது உள்ளபடி பாடு" என்றான். ஜீப்பு புறப்பட்டதும் திரும்பி நடந்தான்.

அவள் போனாள். மண்டபம் நிறையப் பெண்கள். அவள் அதுவரை மேடை என்று ஏறியதே இல்லை. முனியாயி வெந்நீர் ஊற்றியதை அன்று ஒரு வரியாகச் சேர்த்துப் பாடினாள். கூட்டத்துக்குள் உட்கார்ந்திருந்த முனியாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு வேறு ஊர்களிலும் கூப்பிட்டார்கள். போனாள். பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன. தன் காலைப் பற்றி, நரைத்த முடியைப் பற்றி, தன்னை யாரும் கூப்பிடாத ஒரு செல்லப் பெயரைப் பற்றி. ஒவ்வொன்றையும் கட்டி முடித்ததும் பாடிக் காட்டுவதற்கு வாய் துடிக்கும். வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

பால்பாண்டி காய் எடுப்பு முடிந்தும் ஊருக்கு வரவில்லை. வண்டன்மேட்டுப் பக்கம் வேறு தோட்டத்தில் காவலுக்குச் சேர்ந்துவிட்டான். சித்திரையில் ஒரு நாள், வருகிறேன் என்று போன் போட்டுச் சொல்லிவிட்டு வந்தான். சொந்த வீட்டுக்கு வருகிறவன் சொல்லிவிட்டு வந்ததே அவளுக்குத் தாங்கவில்லை. கையில் ஒரு பையில் கப்பக்கிழங்கு வாங்கி வந்திருந்தான். அவள் கறி எடுத்து, மிளகு தூக்கலாகப் போட்டு, அவனுக்குப் பிடிக்கிற மாதிரி குழம்பு வைத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டான். மறுசோறு கேட்டு வாங்கினான்.

"இப்ப வலி இருக்கா?"

"குனிஞ்சு நிமிந்தா லேசா இருக்கு. முன்ன மாதிரி இல்ல."

அவன் தலையை ஆட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"புதுசா என்ன கட்டுன?"

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாடினாள்.

கறுத்த வெரலே கறைபடிஞ்ச நகமே
கண்ணாடி பாக்காமக் காலத்தக் கழிச்சவளே
ஒனக்கொரு மோதிரம் ஊரெல்லாந் தேடுறேன்
ஓம் பேரச் சொல்லிச்சொல்லி ஒன்னையே கூடுறேன்

அவன் கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை.

"நல்லா வந்துருக்கு" என்றான். "கடைசி வரிய மட்டும் இன்னும் கொஞ்சம் நிறுத்திப் பாடு."

அவள் அப்படியே பாடிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அதற்குள் மூணு மணி பஸ்சைப் பற்றி நினைத்துக்கொண்டு, சட்டையைத் தேடினான்.

"இங்கயே இருந்தா என்ன மாமா?"

பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"இருந்தா, நீ இடுப்பப் பிடிக்கிறப்பெல்லாம் நான் கேக்கணும். கேட்டா நீ ஒண்ணுமில்லம்ப. இல்லாட்டி உள்ளதச் சொல்லுவ. ரெண்டையும் கேட்டுக்கிட்டு இருக்கத் தெம்பில்ல பொன்னு எனக்கு. நீ தப்புப் பண்ணல. எனக்குத்தான் இந்த வீட்டுல உக்கார மூஞ்சி இல்ல."

"நான் அதையெல்லாம் நெனைக்கவே இல்ல."

"நான் நெனைக்கிறேனே."

செருப்பை மாட்டினான். "வர்றேன்" என்றான். அவள் வாசலில் நின்றாள். போகாதீங்க என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்தப் பாட்டைப் பாடாமல் இருந்திருந்தால் அவன் இங்கே இருந்திருப்பான். இருந்திருந்தால் அவள் இன்னும் செடிக்குள் தலையை விட்டு அழுதுகொண்டிருப்பாள். இரண்டும் அவளுக்குத் தெரிந்தது. வெயிலில் அவன் கொஞ்சம் கூன் போட்டு நடந்து, ரேசன் கடையைத் தாண்டித் திரும்பினான்.

அவன் மறைந்ததும் பொன்னுமணி வாசற்படியில் விழுந்து, வாய்விட்டு அழுதாள். அப்படி ஒரு சத்தத்தைத் தெரு கேட்டதில்லை. முனியாயி ஓடிவந்தாள். அனுசியா மாவுக் கையோடு ஓடிவந்தாள். எதிர்வீட்டுப் பேச்சி, யாரோ செத்துப்போய்த் தகவல் வந்திருக்கிறது என்று நினைத்து, தானும் மாரில் அடித்துக்கொண்டே வந்தாள்.

"என்னாச்சு ஆத்தா? யாருக்கு என்ன?"

பொன்னுமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றாள். "எம்புருசன் சோலிக்குப் போறாரு."